கடல்பாசி எப்போது மருந்தாகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடல்பாசி மாத்திரை, கடல்பாசித் தூள், கடல்பாசி ஜெல் என்று வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூல் நேரலைகளிலும் விற்பனை மும்முரமாக நடக்கிறது. இனிப்புநீர் (நீரிழிவு), தைராய்டு, மூட்டுவலி, புற்றுநோய் என எந்த நோயைச் சொன்னாலும் அதற்கு ஒரு பாட்டில் தயாராக இருக்கிறது. இன்னொரு பக்கம், "கடல்பாசியாவது மருந்தாவது" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேச்சும் மக்களுக்கு உதவாது. கடல்பாசியிலிருந்து வந்த மருந்துகள் பினாங்கில் ஏறக்குறைய எல்லா மருந்தகங்களிலும் அடுக்கில் இருக்கின்றன. பாசியிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்து, தூய்மைப்படுத்தி, எந்தத் தொல்லைக்கு எவ்வளவு என்று அளந்து கொடுப்பதால்தான் அவை வேலை செய்கின்றன. காயவைத்துப் பொடித்த பாசிக்கு அந்த அளவும் கிடையாது, அந்த உறுதியும் கிடையாது. உங்கள் வாசகர்களுக்கு இந்த வேறுபாட்டை விவரமாகச் சொல்லவே இக்கடிதம்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் கேவிஸ்கான் போன்ற திரவ மருந்துகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் முக்கியப் பொருள் ஆல்ஜினேட். பழுப்புநிறக் கடல்பாசிகளின் செல்சுவரில் இருக்கும் இந்தச் சர்க்கரைச் சங்கிலியை 1881ஆம் ஆண்டு பிரிட்டனில் ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்தார். பரவலாக விற்கும் ஒரு கலவையில் 10 மில்லிலிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் ஆல்ஜினேட், 267 மில்லிகிராம் சோடியம் பைகார்பனேட், 160 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் இருக்கும். வயிற்று அமிலம் பட்டதும் ஆல்ஜினேட் கூழாகிறது. பைகார்பனேட் கக்கும் வாயு அந்தக் கூழுக்குள் சிக்கிக்கொள்கிறது. கால்சியம் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. காய்ச்சிய பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல் அந்தக் கூழ் வயிற்றிலுள்ள உணவின்மேல் மிதந்து, அமிலம் தொண்டைப் பக்கம் ஏறாமல் தடுக்கிறது.

இந்த விளக்கத்திலேயே எப்படிக் குடிக்க வேண்டும் என்பதும் அடங்கியிருக்கிறது. சாப்பிட்ட பிறகும் படுக்கப்போகும் முன்பும்தான் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில் குடித்தால் மிதப்பதற்கு அடியில் உணவு இல்லை. மருந்து சீக்கிரமே குடலுக்கு இறங்கிவிடும். "குடித்தும் பலனில்லை" என்று சொல்பவர்களில் பலர் உணவுக்கு முன் குடித்தவர்கள், அல்லது குடித்த கையோடு ஒரு குவளைத் தண்ணீரும் குடித்துப் படலத்தைக் கலைத்தவர்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்காவிட்டால் கனமான பொருள்கள் அடியில் தங்கிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 10 மில்லிலிட்டரில் சுமார் 140 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு வேளைக்கு 20 மில்லிலிட்டர் என்று நாளுக்கு 4 வேளை குடித்தால் 1,100 மில்லிகிராமைத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 2,000 மில்லிகிராம்தான். ரத்தக் கொதிப்பு, இதயப் பலவீனம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருந்தாளரிடம் கேட்காமல் தொடர்ந்து குடிக்கக் கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதிலுள்ள கால்சியத்தையும் மறக்கக் கூடாது. அந்த மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரை உடலில் சரியாகச் சேராது. கால்சியம் கலந்த எதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரம் விடுவது பாதுகாப்பானது.

இதே ஆல்ஜினேட் கால்சியத்தோடு சேர்ந்து நாராக நெய்யப்படும்போது காயத்துக்குப் போடும் கட்டாகிறது. நம் சமூகத்தில் இனிப்புநீரால் காலில் புண் வந்து அல்லல்படும் குடும்பங்கள் ஏராளம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். நீர் வடியும் புண்ணில் இந்த விரிப்பை வைத்தால் புண்நீரிலுள்ள சோடியம் உள்ளே போகிறது, கால்சியம் வெளியே வருகிறது, நார் கூழாகிறது. தன் எடையைப்போல் 15 முதல் 20 மடங்கு நீரை அது உறிஞ்சும். புண்ணின் அளவுக்கு வெட்டி வைத்து, அதன்மேல் இன்னொரு கட்டுப் போட வேண்டும். மேல்கட்டு நனைந்து ஊறியதும், அல்லது தாதி சொன்ன நாளில், மாற்ற வேண்டும்.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. நீரே வடியாத காய்ந்த புண்ணிலோ, கருத்துக் காய்ந்துபோன தோலின்மேலோ வைத்தால் நார் கூழாகாமல் ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எடுக்கும்போது புதிதாக வளர்ந்த தசையும் சேர்ந்து வரும். ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள். மருத்துவ உப்புநீரை ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். அடுத்து, கட்டைப் பிரிக்கும்போது பச்சையும் பழுப்புமாகக் கூழும் லேசான கடல் வாடையும் இருப்பதைப் பார்த்துச் சீழ் என்று பயந்து, கட்டையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. முதலில் உப்புநீரால் கழுவுங்கள். கழுவிய பிறகும் நாற்றம், சுற்றிலும் சிவப்பு, சூடு, வீக்கம் இருந்தால்தான் தொற்று என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். ஆல்ஜினேட் கட்டு பாசியிலிருந்துதானே வருகிறது என்று கடல்பாசித் தூளைப் புண்ணில் தூவுவது பேராபத்து. கட்டு கிருமிநீக்கம் செய்யப்பட்டது. தூள் அப்படியல்ல.

நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் நம் வீடுகளில் காய்ச்சும், கடல்பாசியிலிருந்தே வரும் அகர் அகரின் மருத்துவப் பங்கு வேறு வகையானது. 1881இல் பெர்லினில் கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸவின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸ, கிருமி வளர்க்க அகர் அகரைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னார். அதுவரை பயன்படுத்திய ஜெலட்டின் உடல் வெப்பமான 37 டிகிரியில் இளகிவிடும். அகர் 85 டிகிரிவரை இளகாது. இன்றைக்கும் சிறுநீர், சளி, புண்நீர் எதை மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் கிருமி வளர்வது பெரும்பாலும் அகர் தட்டில்தான். சாப்பாட்டில் அது நார்ச்சத்து, அவ்வளவே. 10 கிராம் அகர் அகரை 1 லிட்டர் தண்ணீரில் காய்ச்சினால் 100 மில்லிலிட்டர் துண்டு ஒன்றில் 1 கிராம் நார் இருக்கும். மலச்சிக்கலுக்குச் சிறிது உதவும். ஆனால் அதே 1 லிட்டருக்கு 200 கிராம் சீனி போட்டால் அந்தத் துண்டில் 20 கிராம் சீனியும் இருக்கிறது. இனிப்புநீர் உள்ளவர்கள் "கடல்பாசிதானே" என்று நான்கைந்து துண்டு சாப்பிடும்போது இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அகர் தூளைக் காய்ச்சாமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது கூடவே கூடாது. உணவுக்குழாயில் ஊதி அடைத்துக்கொள்ளும்.

சபாவில் செம்போர்னா, கூடாட், லஹாட் டத்து கடலோரங்களில் கயிறு கட்டி வளர்க்கப்படும் பாசிகள் பெரும்பாலும் காப்பாஃபைக்கஸ், யூக்கிமா வகைகள். அவற்றிலிருந்து வருவது கராஜினான் என்ற கூழ்ப்பொருள். காப்பாஃபைக்கஸ் தருவது கெட்டியாக உறையும் கப்பா வகை. யூக்கிமா டென்டிகுலாட்டம் தருவது இளக்கமான அயோட்டா வகை. இந்த அயோட்டா கராஜினானை 0.12 விழுக்காடு அளவில் உப்புநீரில் கரைத்து மூக்கில் அடிக்கும் ஸ்பிரே செய்கிறார்கள். சளிக்கிருமிகள் மூக்கின் செல்களில் ஒட்டுமுன் அவற்றைப் பற்றிக்கொள்ளும் முறை இது. சளி நீடிக்கும் நாட்களை ஓரளவு குறைத்ததாகச் சில மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. அதிலிருந்து "கடல்பாசி எல்லா வைரஸையும் கொல்லும்" என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை. கராஜினான் ஆய்வுக்கூடத்தில் எச்ஐவி கிருமியையும் தடுத்தது. அதை நம்பித் தென்னாப்பிரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரு ஜெல்லைச் சோதித்தார்கள். 2008இல் முடிவு வெளியானது: தீங்கில்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை. கண்ணாடிக் குழாயில் கிடைத்த வெற்றியை மனிதருக்கான மருந்து என்று விற்பவர்களிடம் இந்த ஓர் ஆய்வைச் சொன்னாலே போதும்.

எதிர்த்திசையிலும் ஒரு வதந்தி ஓடுகிறது: ஐஸ்கிரீமிலும் பெட்டிப் பாலிலும் கராஜினான் சேர்ப்பதால் உடலெங்கும் வீக்கம் வரும் என்று. எலியின் பாதத்தில் கராஜினானை ஊசியாகப் போட்டால் வீங்குவது உண்மை. 1962 முதல் வீக்கம் தணிக்கும் மருந்துகளைச் சோதிக்கும் முறையே அதுதான். தோலுக்குள் ஊசி போடுவதும் வாயால் சாப்பிடுவதும் வேறு. வாய்வழிச் சேதத்தைக் காட்டிய பழைய விலங்குச் சோதனைகளில் முக்கியமானவை அமிலத்தில் சிதைத்த வேறொரு பொருளைக்கொண்டு நடந்தவை. அது உணவில் சேர்க்கப்படுவதில்லை.

இப்போது அதிக விலைக்கு விற்கும் ஃபியூக்காய்டனுக்கு வருவோம். பழுப்புப் பாசியிலுள்ள கந்தகம் ஏறிய இந்தச் சர்க்கரையை 1913இல் சுவீடன் ஆய்வாளர் கைலின் கண்டறிந்தார். ரத்தம் உறையாமல் தடுக்க மருத்துவமனைகளில் போடும் ஹெப்பாரினோடு இதன் அமைப்பு ஒத்திருப்பதால் ஆராய்ச்சியாளர்களுக்கு இதன்மேல் நியாயமான ஆர்வம் இருக்கிறது. புற்றுசெல்களைக் குழாயில் அழித்ததும் உண்மை. ஆனால் எந்தப் பாசி, எந்தப் பருவத்தில் அறுத்தது, எப்படிப் பிரித்தது என்பதைப் பொறுத்து மூலக்கூறின் அளவும் கந்தகத்தின் அளவும் மாறுகின்றன. ஆக, ஒரே பெயரோடு விற்கும் இரண்டு பாட்டில்களில் இருப்பது ஒரே பொருள் என்று சொல்ல முடியாது. வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வதும் மிகச் சொற்பம். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று அவற்றில் எதுவும் நிலைநாட்டவில்லை. கீமோதெராப்பியை நிறுத்திவிட்டு இதை நம்பும் ஒவ்வொரு வாரமும் நோய்க்குக் கொடுக்கும் அவகாசம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறு ஆபத்தும் இருக்கிறது: ஃபியூக்காய்டன் ரத்தத்தை இளக்கக்கூடும், சூஷியில் சுற்றும் நோரி போன்ற உலர்பாசிகளில் நிறைய இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் கெடுக்கும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் எண் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே இத்தகைய மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆராய்ச்சி தேங்கிக் கிடக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த சர்க்கரைத் துணுக்குகளால் ஆன ஒரு மறதிநோய் மருந்துக்குச் சீனா 2019இல் நிபந்தனையோடு அனுமதி தந்தது. அதை உறுதிப்படுத்த வேண்டிய பன்னாட்டு ஆய்வு 2022இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஆகையால் அது இன்னும் திறந்த கேள்விதான்.

எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்பட வைப்பது அயோடின். 1811இல் பிரான்சில் கூர்ட்வா என்ற வேதியியலாளர் அயோடினைக் கண்டெடுத்ததே கடல்பாசிச் சாம்பலிலிருந்துதான். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிக்கு 250. பாதுகாப்பான மேல்வரம்பாக ஐரோப்பா 600 என்கிறது, அமெரிக்கா 1,100 என்கிறது. நோரித் தாள் ஒன்றில் சில பத்து மைக்ரோகிராம்தான் இருக்கும். சூஷி சாப்பிடுவதற்கு யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் ஜப்பானில் கொம்பு எனப்படும், கெல்ப் வகையைச் சேர்ந்த தடித்த பழுப்புப் பாசியில் ஒரே கிராமில் 2,000 மைக்ரோகிராமைத் தாண்டுவது சாதாரணம். அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத் தேவை. கொதிக்கவைத்தால் அயோடினில் பெரும்பகுதி தண்ணீருக்கு இறங்கிவிடும். எனவே சூப்பிலிருந்து பாசித் துண்டை எடுத்து எறிந்துவிட்டேன் என்பதில் பயனில்லை, அயோடின் சூப்பில் இருக்கிறது. பாசியைச் சாப்பிட விரும்பினால் கொதித்த நீரைக் கொட்டிவிட்டுப் பாசியை எடுக்க வேண்டும்.

நலமான தைராய்டுச் சுரப்பி திடீரென அயோடின் கூடினால் சில நாட்களுக்கு உற்பத்தியை நிறுத்திவைத்துப் பிறகு வழக்கத்துக்குத் திரும்பும். பழுதான சுரப்பிக்கு அது முடியாது. கழுத்தில் கட்டி இருப்பவர்களுக்குச் சுரப்பு மிகுந்து படபடப்பு, கைநடுக்கம், எடைக்குறைவு, தூக்கமின்மை வரும். சுரப்பு ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு மேலும் குறைந்து சோர்வு, உடல்பருமன், மலச்சிக்கல், குளிர் தாங்காமை வரும். "தைராய்டுக்கு நல்லது" என்று விற்கப்படும் கெல்ப் மாத்திரை தைராய்டு நோயாளிகளுக்கே அதிகம் தீங்கு செய்யக்கூடியது என்பதை அழுத்திச் சொல்கிறோம். பாலூட்டும் தாய்மார் அளவு மீறினால் பால்வழியே குழந்தையின் சுரப்பியும் பாதிக்கப்படும். 2009இல் ஆஸ்திரேலியாவில் கொம்புச் சாறு சேர்த்த சோயா பால் ஒன்று, குடித்தவர்களுக்குத் தைராய்டுக் கோளாறு வந்ததால் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கோ ஸ்கேனுக்கோ நாள் வாங்கியவர்கள், மருத்துவமனை சொல்லும் காலம் முழுவதும், வழக்கமாக 1 முதல் 2 வாரம், பாசி மட்டுமல்லாமல் அகர் அகர், கராஜினான், ஆல்ஜினேட் சேர்ந்த எதையும் தவிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சுரப்பி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கொடுத்த மருந்து உள்ளே போகாது.

"92 தாதுக்கள்" என்ற விளம்பரத்தோடு வரும் சீ மாஸ் ஜெல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 92 என்பது இயற்கையில் கிடைக்கும் தனிமங்களுக்குச் சொல்லப்படும் எண்ணிக்கை. அந்தப் பட்டியலில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் எல்லாமே உண்டு. ஐரிஷ் மாஸ் என்ற அசல் பாசி குளிர்ந்த அட்லாண்டிக் கடலில் வளர்வது. வெப்பக் கடலிலிருந்து அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் காப்பாஃபைக்கஸ் அல்லது யூக்கிமா. காப்பாஃபைக்கஸில் பொட்டாசியம் மிக அதிகம். காய்ந்த பாசிமேல் வெள்ளையாகப் படியும் உப்பில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரைடு. டயாலிசிஸ் செய்கிறவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், ரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் பெரிண்டோபிரில் அல்லது ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தினமும் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். ஹிஜிக்கி என்ற கரும்பாசியில் கொடிய வகை ஆர்சனிக் அதிகம் என்பதால் பிரிட்டன் 2004இலேயே அதைச் சாப்பிட வேண்டாம் என்று மக்களுக்கு அறிவுறுத்தியது.

இயற்கையானது தீங்கு செய்யாது என்று நம்புகிறவர்கள் டிஜீனியா என்ற செம்பாசியைப் பற்றி அறிய வேண்டும். ஜப்பானில் குழந்தைகளின் வயிற்றுப் பூச்சிக்கு நெடுங்காலம் கொடுத்த மருந்து அது. 1953இல் அதன் சாரத்தைப் பிரித்துக் கைனிக் அமிலம் என்றார்கள். மில்லிகிராம் கணக்கில் அது பூச்சியை விரட்டியது. பின்னர் அதே பொருள் மூளை நரம்புகளை வெறிகொள்ளச் செய்வது தெரியவந்தது. இன்று ஆய்வுக்கூடங்களில் எலிகளுக்கு வலிப்பு உண்டாக்க அதைத்தான் கொடுக்கிறார்கள். கடற்கரையில் தானாகக் கிடைக்கும் பாசியைப் பறித்துச் சாப்பிடுவதும் வேண்டாம். 1991இல் குவாம் தீவில் வழக்கமாகப் பச்சையாகச் சாப்பிடும் ஒரு செம்பாசியைச் சாப்பிட்ட 13 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். பார்வைக்கு அந்தப் பாசியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. நம் கரையோரப் பாசிகள் கழிவுநீரின் உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்? மருந்தாகவோ ஊட்டமாத்திரையாகவோ விற்கும் பொருளின் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்ற எழுத்துகளும் 8 இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்க வேண்டும். டி (T) என்றால் பாரம்பரிய மருந்து, என் (N) என்றால் ஊட்டமாத்திரை, எக்ஸ் (X) என்றால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கும் மருந்து. அந்த எண்ணை மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தேடலில் தட்டிப் பெட்டியிலுள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேறொரு பொருளின் எண்ணை ஒட்டி விற்பதும் நடக்கிறது. டி அல்லது என் எழுத்து இருந்தால் பாதுகாப்புக்கும் தரத்துக்கும் சோதிக்கப்பட்டது என்றுதான் பொருள். நோயைக் குணப்படுத்துமென நிரூபிக்கப்பட்டதாகப் பொருளில்லை. பாசியின் அறிவியல் பெயரும், ஒரு மாத்திரையில் எத்தனை மைக்ரோகிராம் அயோடின் என்பதும் எழுதப்படாத கெல்ப் பொருளை வாங்காதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது பாட்டிலையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட அது மேல். ஒவ்வாமையோ வேறு கோளாறோ வந்தால் நிறுத்திவிட்டு, பாட்டிலைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, ஒழுங்குமுறை நிறுவனத்தின் பயனீட்டாளர் படிவத்தில் புகார் செய்யலாம்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் புற்றுநோய், இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மருந்து விளம்பரங்களுக்கு மருந்து விளம்பர வாரியத்தின் கேகேஎல்ஐயு (KKLIU) அனுமதி எண் தேவை. தமிழ் நாளிதழ்களை நம்பிப் பொருள் வாங்கும் முதியோர் நம்மிடையே நிறையப் பேர். கடல்பாசியோ வேறெதுவோ, மருந்து விளம்பரம் எதையும் அச்சுக்கு அனுப்புமுன் எம்ஏஎல் எண்ணையும் கேகேஎல்ஐயு எண்ணையும் விளம்பரதாரரிடம் எழுத்தில் கேட்டு வாங்கும்படி உங்கள் விளம்பரப் பிரிவுக்குச் சொல்லுங்கள். எண் தராதவர்களின் விளம்பரத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளர்கள் இருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.